மூன்று பேருக்கு ஒரு கடவுச்சொல்

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து பத்துக்குத் தனம் அக்கா படியிறங்கிப் போனாள். ஒரு கட்டு முருங்கைக்காயும் ஒரு நல்ல சேதியும் கொடுத்துவிட்டுப் போனாள்.

“ஒன் பாப்பா பன்னெண்டாவது முடிக்கட்டும். அதுவரைக்கும் வூட்ட காலி பண்ற பேச்சே கெடையாது. அவரே சொல்ட்டாரு, போய் சொல்லிட்டு வான்னு.”

ஹேமாவதி முருங்கைக்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அழுகை வரும்போல் இருந்தது. வரவில்லை. அதற்குள் கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது.

கடிதம் ஏழு மணிக்கு வெளியாகும்.

அவள் எழுதிய கடிதம்தான். தேன்மொழி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் ஏற்றி, நாளும் நேரமும் குறித்து வைத்திருந்தாள். இனி யாரும் எதையும் தொட வேண்டாம். ஏழு அடித்தால் தானே வெளியே வந்துவிடும். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பேர் படிப்பார்கள். தனம் அக்காவின் கணவர் லோகநாதனும் படிப்பார். அவர்தான் சங்கத் தலைவர். அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். கடிதத்தில் நாலு பத்தி. மூன்று அவரைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. சங்கக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி பேசினார்கள். தெருவிளக்கு பேசினார்கள். பிறகு லோகநாதன், “அடுத்த மேட்டரு, ஹேமா வூட்ட காலி பண்ணணும். ரெண்டு மாசம் டைம். தம்பி பையனுக்குக் கல்யாணம், வூடு வேணும்” என்றார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எதிர் வீடுதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் கையில் மைக் இருந்தது. துணைத் தலைவர் ஜெபராஜ் அதைத் தீர்மானம் நான்கு என்று பதிவேட்டில் எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார். இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் வழிமொழிந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு பொங்கல் விழாப் படங்களைப் பக்கத்தில் ஏற்றும் வேலை செயலாளருக்கு. செயலாளர் ஹேமாவதி. தலைவரும் துணைத் தலைவரும் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட, அலுவலகத்தில் தனியாக இருந்தாள். படங்களை ஏற்றினாள். பிறகு கடிதத்தை எழுதினாள். தலைப்பு, ராஜினாமா.

சுருக்கமாக, முதல் பத்தி: தலைவர் பேசும் பேச்செல்லாம் நான் எழுதிக் கொடுத்தவை. சுதந்திர தினத்தன்று, இங்கே மூச்சு விடவும் என்று நான் ஓரத்தில் குறித்திருந்ததையும் சேர்த்து வாசித்தார். மக்கள் கைதட்டினார்கள்.

இரண்டாவது: தலைவர் தெருவிளக்கைச் சோதிப்பது தன் வீட்டு மாடியிலிருந்து. தன் வாசல் விளக்கு எரிந்தால் நகர் முழுவதும் எரிவதாக அர்த்தம்.

மூன்றாவது: தலைவரின் தலைக்கு ஒரு கம்பெனி சாயம், மீசைக்கு வேறு கம்பெனி. வெயிலில் நின்றால் தெரியும்.

நாலாவது: துணைத் தலைவர் ஜெபராஜ் சார் நான் எழுதும் நோட்டீசுக்கெல்லாம் மார்க் போடுகிறவர். அறுபத்திரண்டுக்கு மேல் நான் வாங்கியதில்லை. ஒரு குடும்பத்தை வெளியே அனுப்பும் தீர்மானம் நான்குக்கு அவர் எத்தனை மார்க் போட்டார் என்று அறிய விரும்புகிறேன்.

செவ்வாய் மாலை குரோம்பேட்டையில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தது. கொடுத்த கையோடு கடிதம் வெளியே வரட்டும் என்றுதான் ஏழு மணி. ஆனால் திங்கட்கிழமை குரோம்பேட்டைக்காரர் போன் செய்து, நீங்கள் மீன் சமைப்பீர்களா என்று கேட்டார். ஹேமாவதி உண்மையைச் சொன்னாள். அந்த வீடு போய்விட்டது. இப்போது இந்த வீடு திரும்பி வந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு.

பக்கத்தைத் திறந்தால் கடிதத்தை அழித்துவிடலாம். திறப்பதுதான் பாடு.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கம் தொடங்கியபோது, கடவுச்சொல் யாரிடம் இருப்பது என்று கேள்வி வந்தது. லோகநாதன் பரம்பரையாக அம்மன் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். “உண்டியலுக்கு மூணு பூட்டு. மூணு பேர்கிட்ட சாவி. அப்பதான் ஊருக்கு நம்பிக்கை” என்றார். ஜெபராஜ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருடம் பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டுகளுக்குக் காவல் இருந்தவர். “வினாத்தாள் அலமாரியும் அப்படித்தான். ஒரே ஆள் கையில எல்லாச் சாவியும் இருக்கக் கூடாது” என்றார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இன்றுவரை அதுவே கடைசி.

ஆகவே கடவுச்சொல் மூன்று துண்டானது. முதல் துண்டு லோகநாதனுடையது, நடுத்துண்டு ஜெபராஜுடையது, கடைசித் துண்டு ஹேமாவதியுடையது. ஒருவர் துண்டு மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். திறந்த நேரம், மூடிய நேரம், மூன்று கையெழுத்து எல்லாம் பதிவேட்டில் ஏறும். யார் துண்டில் எத்தனை எழுத்து என்பதும் ஏறும். அது ஜெபராஜ் சேர்த்தது. எண்ணாமல் எதையும் வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஆக, கடிதம் எந்த இரண்டு பேரைத் திட்டுகிறதோ அந்த இரண்டு பேரையும் அவளே கையோடு கூட்டிக்கொண்டு வந்தால்தான் கடிதத்தை அழிக்க முடியும்.

ஹேமாவதி முருங்கைக்காயைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

எதிர் வீட்டு வாசலில் கார் நின்றது. லோகநாதன் நெற்றி நிறைய விபூதியோடு பின்கதவைத் திறந்து பழத்தட்டை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் குன்றத்தூர் முருகனைப் பார்க்கப் போவார்.

“இன்னாம்மா, தனம் வந்து சொல்லிச்சா?”

“சொன்னாங்க அண்ணா. ரொம்ப நன்றி. அண்ணா, இப்பவே பக்கத்தைத் திறக்கணும்.”

“எந்தப் பக்கத்த?”

“பேஸ்புக். ஒரு நோட்டீஸ் போடணும்.”

“இன்னா நோட்டீசு?”

ஹேமாவதி யோசித்து வைத்திருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். வேப்பமரத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

“நாளைக்குத் தொட்டி கழுவறாங்க. பத்து மணி வரைக்கும் தண்ணி வராது.”

“தொட்டி கழுவறாங்களா? எனக்கே தெரியாது?”

“ஞாயிற்றுக்கிழமை பேசினோமே அண்ணா.”

“பேசுனோம். செய்வோம்னு யாரு நெனச்சா.” லோகநாதனின் முகம் மலர்ந்தது. காரின் பின்கதவைச் சாத்தினார். “முருகன் எங்க போவப்போறாரு. அடுத்த வாரம் பாத்துக்கலாம். நீ போய் வாத்தியார இட்டுகினு வா. நான் தொட்டிக்காரன்கிட்ட பேசுறேன்.”

“தொட்டிக்காரங்க கிட்ட நான் பேசிட்டேன் அண்ணா.”

“நீ பேசுனா அவன் பத்து மணிக்கு வருவான். நான் பேசுனா ஆறு மணிக்கு வருவான்.”

அவள் தெருமுனையைத் திரும்பும்போது அவர் குரல் கேட்டது. தொட்டிக்காரனைக் காலை ஆறு மணிக்கு நாலு ஆளோடு வரச்சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லி முழுதாக ஐந்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் அந்தப் பொய்க்கு நாலு ஆள் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

ஜெபராஜ் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஏழு மணிக்கு அங்கே வீட்டு ஜெபக்கூட்டம். அவர் நாற்காலிகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

“சார், பக்கத்தைத் திறக்கணும். ஒரு நோட்டீஸ்.”

“எழுதிட்டு வந்திருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“எழுதாத நோட்டீஸை எப்படிம்மா அப்ரூவ் பண்றது?”

“தொட்டி கழுவற நோட்டீஸ் சார். ரெண்டு வரிதான்.”

“ரெண்டு வரியிலதான் தப்பு அதிகம் வரும். பெரிய கட்டுரையில தப்பு மறைஞ்சிடும்.” அவர் கடைசி நாற்காலியை அரை விரல் நகர்த்தினார். “ஆறரைக்கு நான் திரும்பி வந்தாகணும்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி அமலராணி, “ஆறரைன்னு அவர் சொன்னா ஏழேகால்னு எழுதிக்கோம்மா” என்றாள்.

சங்க அலுவலகமாகவும் இருந்த மோட்டார் அறையின் கதவை லோகநாதன் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். ஒரு மேசை, ஒரு கணினி, மூன்று நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி, மோட்டார். மேலே தொட்டி. எங்கிருந்தோ பெருமழைபோல் சத்தம் வந்தது.

“என்ன சத்தம் அண்ணா அது?”

“வால்வைத் தொறந்து வுட்டுட்டேன். நாளைக்குக் கழுவற தொட்டியில இன்னிக்கு எதுக்குத் தண்ணி?”

ஹேமாவதி எட்டிப் பார்த்தாள். தேன்மொழி நகரின் இரண்டு நாள் தண்ணீர் இரண்டாவது குறுக்குத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. சில பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். மணி ஐந்து ஐம்பத்தைந்து.

கணினி எழுந்தது. ஜெபராஜ் பதிவேட்டைத் திறந்து தேதி போட்டார்.

“தலைவர் முதல்ல. மத்தவங்க சுவர்.”

ஹேமாவதியும் ஜெபராஜும் சுவரைப் பார்த்தார்கள். லோகநாதன் ஒரே விரலால் தட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெருமூச்சு. பிறகு ஜெபராஜ் உட்கார்ந்தார். லோகநாதன் ஹேமாவதியின் பக்கத்தில் வந்து சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் பழைய காலண்டரின் ஆணி மட்டும் இருந்தது.

“சொவத்தப் பாத்துகினே சொல்றேன்” என்றார் மெதுவாக. “அன்னிக்குக் கூட்டத்துல அப்டி சொல்லியிருக்கக் கூடாது. மைக்கு கையில இருந்திச்சா, வாயில வந்திச்சி. தனம் ரெண்டு நாளா எனக்குச் சோறு போடல. ஓட்டல்லதான் துன்னுகினு கீறேன்.”

“பரவால்ல அண்ணா.”

“நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத.”

“வச்சுக்கல அண்ணா.”

ஹேமாவதி ஆணியையே பார்த்தாள். ஆணி தன்னைத் திருப்பிப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

அவள் முறை வந்தது. தன் துண்டைத் தட்டினாள். உள்ளே போகும் பொத்தானை அழுத்தினாள்.

கடவுச்சொல் தவறு என்றது திரை.

“யாரு தப்பு?” என்றார் லோகநாதன்.

“என்னுது சரி” என்றார் ஜெபராஜ்.

“என்னுதும் சரி” என்றாள் ஹேமாவதி.

“அப்ப எனுது தப்பா? எங்கொலதெய்வம் பேரு சார் அது. அது எப்டி தப்பாவும்?”

மறுபடி மூவரும் தட்டினார்கள். மறுபடி தவறு. ஜெபராஜ் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். அறை எண் தெரியாமல் தவிக்கும் தேர்வு மாணவர்களை அவர் அப்படித்தான் நிறுத்தியிருப்பார்.

“எண்ணுவோம்” என்றார்.

பெட்டியில் எழுத்துகளுக்குப் பதிலாகக் கறுப்புப் புள்ளிகள்தான் தெரியும். புள்ளிகளை எண்ணலாம். பதிவேட்டில் இருந்தது: தலைவர் ஒன்பது, துணைத் தலைவர் ஏழு, செயலாளர் ஆறு. லோகநாதன் தட்டினார். ஒன்பது. சரி. ஜெபராஜ் தட்டினார். ஆறு.

“சார்” என்றாள் ஹேமாவதி. “ஆறுதான் இருக்கு. ஏழு இருக்கணும்.”

“என் துண்டு ஆறுதான்.”

“பதிவேட்டுல ஏழுன்னு இருக்கே சார்.”

“பதிவேடு தப்பு.”

“பதிவேட்ட எழுதுனது யாரு?” என்றார் லோகநாதன்.

ஜெபராஜ் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு அறை மூலைக்குப் போய் மோட்டாரிடம் முகத்தைக் கொடுத்து ஏதோ முணுமுணுத்தார். விரல்விட்டு எண்ணினார். திரும்பி வந்தார். தட்டினார். ஏழு புள்ளி. ஹேமாவதி தன் ஆறைத் தட்டினாள்.

தவறு.

“முப்பது வருஷம்” என்றார் ஜெபராஜ். “ஒரு கட்டு காணாமப் போனதில்ல.”

“வயசாவுதுல்ல சார்” என்றார் லோகநாதன்.

“உங்களுக்கு ஆகலையா?”

“எனக்கு ஆவுது. கொலதெய்வத்துக்கு ஆவல.”

மணி ஆறு பதினைந்து. வெளியே யாரோ, தண்ணீரை யார் திறந்துவிட்டது என்று சத்தம் போட்டார்கள். ஹேமாவதி திரையில் கீழே இருந்த வரியைக் காட்டினாள். கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?

“அத அமுக்குனா மூணு பேரும் மறந்ததா ஆயிடும்” என்றார் லோகநாதன். “மறந்தது ஒருத்தர்.”

“அண்ணா, நேரமாவுது.”

“தொட்டி காலியாவ ஒன்பது மணி ஆவும். அவசரம் இன்னா?”

அவள் அந்த வரியை அழுத்தினாள்.

சங்கத்தின் எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் ஓர் எண் வரும், அதை இங்கே போடுங்கள் என்றது. சங்கத்தின் எண் ஒரு பட்டன் போனில் இருந்தது. போன் இரும்பு அலமாரியில் இருந்தது. அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி லோகநாதனின் அரைஞாணில், இன்னொன்று ஜெபராஜின் பைபிள் உறைக்குள். பைபிள் வீட்டில்.

ஹேமாவதி ஓடினாள். தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். அமலராணி சாவியைக் கொடுத்துவிட்டு, “ஒரு பாஸ்வேர்டுக்கா இத்தனை பாடு? எங்கிட்ட கேட்டிருந்தா அவர் துண்டை நானே சொல்லியிருப்பேனே. தூக்கத்துல தினமும் சொல்றார்” என்றாள்.

ஹேமாவதி நின்றாள். “சொல்லுங்க அக்கா. சீக்கிரம்.”

அமலராணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். “வேணாம்மா. அது ரகசியம்.”

பட்டன் போன் கிடைத்தது. செத்துக் கிடந்தது. சின்ன பின் சார்ஜர் இந்தக் காலத்தில் யாரிடம் இருக்கும்? தனம் அக்காவிடம் இருந்தது. அவளே தண்ணீரில் நடந்து கொண்டுவந்து கொடுத்தாள். கணவரைப் பார்க்காமல் கொடுத்தாள். “முருங்கக்கா படியில கெடக்குது ஹேமா. ஆடு துன்னுடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு முப்பத்தொன்றுக்குப் போன் உயிர்பெற்றது. எண் வரவில்லை. மூவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். அதில் ஒரு வரி இருந்தது. இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது.

“ஒரு மெசேஜை அழிச்சா போதும்” என்றாள் ஹேமாவதி.

“எதை?” என்றார் ஜெபராஜ்.

“எதையாவது.”

“எதையாவதுன்னா? சங்கத்துக்கு வந்த ஆவணம். படிக்காம ஒரு ஆவணத்தை அழிக்கிற வழக்கம் என்கிட்ட இல்ல.”

அவர் முதல் செய்தியைத் திறந்து படித்தார். பொங்கல் வாழ்த்து, போன வருடத்தது. அடுத்ததைத் திறந்தார். கொசுமருந்து அடிப்பவர் வருகிறேன் என்று சொன்னது. அடுத்தது, அதே கொசுமருந்துக்காரர் வரவில்லை என்று சொன்னது.

“இது ரெண்டும் சேர்ந்து ஒண்ணுமில்லாம ஆயிடுது” என்றார் ஜெபராஜ். “இதை அழிக்கலாம். தலைவர் என்ன சொல்றீங்க?”

“வழிமொழியறேன்.”

அழித்தார். எண் வந்து விழுந்தது. ஹேமாவதி அதைத் திரையில் போட்டாள். புதிய கடவுச்சொல்லை உள்ளிடவும் என்றது. கீழே இன்னொரு பெட்டி. மீண்டும் உள்ளிடவும்.

“தலைவர். மத்தவங்க சுவர்.”

மேல் பெட்டியில் ஒருவர் பின் ஒருவராகத் தட்டி முடித்தார்கள். பிறகு கீழ்ப் பெட்டி. லோகநாதன் தட்டினார், ஜெபராஜ் தட்டினார், ஹேமாவதி தட்டினாள். இரண்டும் பொருந்தவில்லை என்றது.

“நீங்க மேல போட்டதையேதான் கீழயும் போட்டீங்களா அண்ணா?”

“இல்லியே. மேல புதுசு போடுன்னாங்க, போட்டேன். கீழயும் புதுசு ஒண்ணு போட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.”

“அப்ப எதுக்கு ரெண்டு தடவ கேக்கறான்? நம்மள நம்பலியா?”

“உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான்” என்றார் ஜெபராஜ்.

“அது மறந்து போறவங்களுக்காக சார்.”

மறுபடி சுவர். மறுபடி ஆணி. ஹேமாவதி மணி பார்த்தாள். ஆறு நாற்பத்தெட்டு. பக்கத்தில் லோகநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு, பாப்பாவை என்ன படிக்க வைக்கப்போகிறாய் என்று கேட்டார். நர்சிங் என்றாள். நல்ல படிப்பு என்றார். தெரிந்த இடம் இருக்கிறது, சொல்லி வைக்கிறேன் என்றார். அவள் தலையை ஆணியில் முட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இந்த முறை பொருந்தியது. பக்கம் திறந்தது.

ஹேமாவதி நாற்காலியில் பாய்ந்து உட்கார்ந்து எலியின் மேல் கைவைத்தாள். கணினியின் எலிதான், ஆனாலும் அது துடித்ததுபோல் இருந்தது.

“கொஞ்சம் இருங்க” என்றார் ஜெபராஜ். “பழைய பாஸ்வேர்டு கெட்டுப்போனது எப்படின்னு தெரியல. என் துண்டு சரி. தலைவரோடது சரி. ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தனியா இருந்திருக்காங்க.”

“சார், நான் எதையும் மாத்தல.”

“நான் குற்றம் சொல்லல. நடைமுறை சொல்றேன். இனிமே பக்கம் திறந்திருக்கிற நேரம் முழுக்க மூணு பேரும் திரையைப் பார்த்துட்டு இருக்கணும். எலி மட்டும் ஒருத்தர் கையில. அது செயலாளரா இருக்கக் கூடாது.”

“உண்டியல் எண்றப்போவும் அப்டிதான்” என்றார் லோகநாதன். “பூட்டத் தொறந்தவன் காசத் தொட மாட்டான்.”

இவர்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் பிறந்தது. ஜெபராஜ் அதைத் தீர்மானமாக எழுதினார். முழு வாக்கியமாக எழுதினார். ஒரு சொல்லை அடித்துத் திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஹேமாவதியின் கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. மணி ஆறு ஐம்பத்தைந்து.

ஜெபராஜ் நடு நாற்காலியில் உட்கார்ந்து எலியைப் பிடித்தார். இடப்பக்கம் லோகநாதன். வலப்பக்கம் ஹேமாவதி.

“நோட்டீஸ் எங்க போடணும்?”

“அது இருக்கட்டும் சார். முதல்ல இடது பக்கத்துல போங்க. வெளியாக வேண்டியவைன்னு ஒண்ணு இருக்கும். அதுல ஒரு பழைய நோட்டீஸ் இருக்கு. வேண்டாதது. படிக்க வேணாம் சார், வலது ஓரத்துல மூணு புள்ளி இருக்கும், அதை அமுக்கி அழிச்சிடுங்க.”

அவர் எலியை நகர்த்தினார். அம்புக்குறி திரையின் குறுக்கே நடந்து போனது, ஓய்வுபெற்ற நடையில். வெளியாக வேண்டியவை, ஒன்று. திறந்தார். தலைப்பு தெரிந்தது. கீழே முழுக் கடிதமும் தெரிந்தது.

“சார், மூணு புள்ளி. மேல, வலது பக்கம்.”

“படிக்காம எப்படிம்மா அழிக்கிறது?”

“பழசு சார்.”

“பழசு எதுக்கு இன்னிக்கு ஏழு மணின்னு போட்டிருக்கு?”

ஹேமாவதி எலியைப் பிடுங்கக் கை நீட்டினாள். அவர் மற்றக் கையால் பதிவேட்டைத் தூக்கி நடுவில் நிறுத்தினார். மை இன்னும் காயாத தீர்மானம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அவள் கை இறங்கியது.

ஜெபராஜ் படித்தார். அவர் படிக்கும்போது உதடு அசையாது. ஒரு வரி முடிந்தால் கண் மட்டும் திரும்பி வரும். முதல் பத்தியில் ஓர் இடத்தில் அவருக்கு மூச்சு நின்று திரும்பியது. மூன்றாவது பத்தியில் தலையைத் திருப்பி லோகநாதனின் மீசையைப் பார்த்தார். பிறகு தலைமுடியைப் பார்த்தார். மீண்டும் திரைக்குப் போனார்.

லோகநாதன் கண்ணைச் சுருக்கித் திரையை நோக்கிக் குனிந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி குன்றத்தூருக்குக் கிளம்பவிருந்த காரில், பழத்தட்டின் பக்கத்தில் இருந்தது.

“ஒண்ணும் தெரியல. எறும்பு ஊர்ற மாதிரி கீது. என் பேரு கீதா சார் அதுல?”

“இருக்கு” என்றார் ஜெபராஜ்.

“எத்தினி எடத்துல?”

ஜெபராஜ் எண்ணினார். “ஏழு இடத்துல.”

லோகநாதனுக்குச் சிரிப்பு பொங்கியது. ஹேமாவதியைப் பார்த்தார். “அதான் இம்மா அவசரமா? வூடு குட்த்ததுக்கு நன்றி எழுதிக்கிறியா? எனக்குத் தெரியாம போடலாம்னு பாத்தியா? தொட்டி கிட்டின்னு இன்னா டிராமா!”

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, சுதந்திர தினத்தன்று மேடையில் உட்கார்ந்திருந்ததுபோல் உட்கார்ந்தார். மேலே தொட்டியிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. திரையின் மூலையில் ஆறு ஐம்பத்தெட்டு, ஆறு ஐம்பத்தொன்பது ஆனது.

ஜெபராஜ் நாலாவது பத்திக்கு வந்திருந்தார். அதை இரண்டு முறை படித்தார். எலியின் மேல் இருந்த கையை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பேனாவின் பின்பக்கத்தில் செருகினார். ஹேமாவதியைப் பார்த்தார்.

“சத்தமா படிங்க சார்” என்றார் லோகநாதன். “நம்ம வூட்டுப் பொண்ணு என்னப் பத்தி எழுதிக்கீது. எத்தினி மார்க்கு சார் போடலாம்?”